மூன்று வருட அனுபவம் சரி, கையெழுத்து யாரிடம்?

சட்டக் கல்லூரி மாணவர்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கேசவானந்த பாரதி வழக்கில் போய் நிற்கும். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 7-க்கு 6 என்று வந்த 1973 தீர்ப்பு, நெருக்கடி நிலை. பேச வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அவர்கள் பிழைப்பைத் தீர்மானிப்பது அரசியலமைப்பின் பிரிவு 234. கீழமை நீதிபதிகளை எந்த விதிகளின்படி ஆளுநர் நியமிக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். தேர்வுக்குப் படிப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு எல்லோரும் அந்த நியமன விதிகளைப் பேசினார்கள். சிவில் நீதிபதி பணிக்கு வர மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. பழைய நிபந்தனைதான். 1993-இல் வந்தது, நீதிபதிகளின் ஊதியம், பணிநிலை பற்றி ஆராய்ந்த ஷெட்டி கமிஷன் பரிந்துரையை ஏற்று 2002-இல் நீக்கினார்கள், 2025-இல் மறுபடி.

நிபந்தனையின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. முன்சீப் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஒரு வயதான அம்மா நிற்கிறார். "தாவா சொத்து உங்க அனுபவத்துல இல்லைன்னு சொன்னா சரிதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் வேகமாகக் கேட்கிறார். தாவா சொத்து என்றால் வழக்கில் உள்ள சொத்து, அனுபவம் என்றால் அது கைவசம் இருப்பது. பாதி புரியாமல், பயத்தில் "ஆமாங்க" என்கிறார் அந்த அம்மா. "தாவா சொத்து என் அனுபவத்தில் இல்லை என்றால் சரிதான்" என்று வாக்குமூலத்தில் ஏறிவிடுகிறது. சொத்து தன் கைவசம் இருக்கிறது, அதில் யாரும் தலையிடக் கூடாது என்று நிரந்தரத் தடை கேட்டு வந்தவரின் வழக்கு அந்த ஒரு வரியிலேயே ஆட்டம் கண்டுவிடும். அந்த நேரத்தில் நிறுத்தி, "கேள்வி புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கும் நீதிபதி வேண்டும். இதை எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தராது.

சரி, அந்த மூன்று வருடம் சாப்பாட்டுக்கு என்ன வழி?

வீட்டில் அப்பா வக்கீலாக இருந்தால் பிரச்சினை இல்லை. முதல் தலைமுறைப் பிள்ளைகள் வழக்குக் கட்டுத் தூக்கி, நகல் மனு போட்டு, வாய்தா வாங்கி, பஸ் காசுக்கு சீனியர் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு சீனியர்கள் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்றது. எனக்குத் தெரிந்த ஜூனியர்களில் பெரும்பாலோர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர் 2024-இல் 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். இந்த நிபந்தனை அப்போதே இருந்திருந்தால் அந்த வயதில் அவர் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கு 'இன்னும் மூன்று வருடம்' என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சுதான் முதலில் வரும், அதையும் நினைக்க வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது சான்றிதழ் விஷயம். தொழில் செய்ததற்கு பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று தரலாம், அதற்கு நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இட வேண்டும் என்கிறது தீர்ப்பு. பெரும்பாலும் அந்த வக்கீல் அவரவர் சீனியராகத்தான் இருப்பார். 15,000 ரூபாய் கேட்க வேண்டிய இடமும் கையெழுத்து கேட்க வேண்டிய இடமும் ஒன்றாகிவிட்டால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? சம்பளத்தை விடுங்கள், சீனியரின் அலுவலகமான சேம்பரில் யாராவது தவறாக நடந்துகொண்டால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருடத்தை ஓட்டத்தானே பார்ப்பார்கள்? நல்ல சீனியர்கள் நிறைய இருக்கிறார்கள், தெரியும். ஒருவருடைய நல்ல மனசை நம்பி விதி வகுக்கக் கூடாது.

அனுபவம் வேண்டும் என்றால் அதற்குக் கோர்ட் பதிவேட்டையே ஆதாரமாக எடுங்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் ஆஜரான ஜூனியரின் பெயரும் பதிவு எண்ணும் நீதிமன்றங்களின் இணையப் பதிவான இ-கோர்ட்ஸில் ஏறட்டும். இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நடத்திய வழக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும் என்று வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் கட்டாயமாக்கட்டும். தரவில்லை என்ற புகாரை, புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வராமல் விசாரிக்கட்டும். இது நடக்கும்வரை சீனியர் கையெழுத்தைத் தகுதிச் சான்றாக வைப்பதை நான் எதிர்ப்பேன்.