இன்டர்நெட் வேணும்னா முதல்ல இன்டர்நெட் வேணுமாம்

புதுசா வாங்கின வைஃபை ரவுட்டர் பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கான், மூணே ஸ்டெப்பு அஞ்சே நிமிஷம்னு. நான் சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு உக்காந்தேன், எந்திரிச்சப்ப ராத்திரி ஒன்பதரை. அந்த அஞ்சு நிமிஷம்னு எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்...

முதல் ஸ்டெப்பு என்ன தெரியுமா? "எங்க ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க". ஏம்ப்பா, வீட்ல இன்டர்நெட் இல்லாமத்தானே இந்த ரவுட்டரையே வாங்கிட்டு வந்திருக்கேன்? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்ற கதைதான். சரி ஒழியட்டும்னு மொபைல் டேட்டால இறக்குனா, அக்கவுண்ட் தொறக்கணுமாம், ஈமெயிலுக்கு வர்ற நம்பரைப் போடணுமாம், கூடவே லொகேஷன் பெர்மிஷனும் குடுக்கணுமாம். என் வீட்ல இருக்கற டப்பாவை நான் தொடறதுக்கு நான் எங்க இருக்கேன்னு உனக்கு எதுக்குடா? (பழைய ஆண்ட்ராய்டு போன்ல ஆப் பக்கத்துல இருக்கற வைஃபையைத் தேடணும்னாலே லொகேஷன் கேக்கும்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. அதை அங்கயே ஒரு வரி எழுதி வெச்சா குறைஞ்சா போயிடுவீங்க?)

அடுத்து பாஸ்வேர்டு. ரவுட்டருக்கு அடியில ஒரு ஸ்டிக்கர், எறும்பு ஊர்ந்து போன மாதிரி எழுத்து. அது பூஜ்யமா ஓ-வா, ஒண்ணா சின்ன எல்-லா பெரிய ஐ-யா, எட்டா பி-யா, ஒண்ணும் புரியல. போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாத்து, நாலாவது தடவைதான் உள்ள விட்டுச்சு.

கனெக்ட் ஆயிடுச்சு, சிக்னல் ஃபுல்லா காட்டுது, நானும் சந்தோஷமா வீடியோவைத் தட்டறேன், சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்கு. கீழ சின்னதா "கனெக்டட், இன்டர்நெட் இல்லை"ன்னு போட்டிருக்கு. அது எப்படிடா கனெக்ட் ஆகியும் இல்லாம போகும்?

இதைத்தான் எவனும் சொல்லித் தொலைய மாட்டேங்கறான். வைஃபை வேற, இன்டர்நெட் வேற. போனுக்கும் டப்பாவுக்கும் நடுவுல இருக்கற ஒயரை எடுத்துட்டா அதுதான் வைஃபை, அவ்வளவுதான். அந்த டப்பாவுக்கு வெளிய இருந்து ஏதாவது வருதாங்கறது தனிக் கதை. வீடு பூரா பளபளன்னு பைப் போட்டாச்சு, டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லன்னா குழாயைத் திருகி என்ன பிரயோஜனம்? அந்த ஃபுல் சிக்னல் "டப்பா பக்கத்துலதான் இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லுது. டப்பா பக்கத்துலதான் இருக்குன்னு எனக்கே தெரியும், நான்தானே மேஜை மேல வெச்சேன்!

சரி, ஆப்பு வேணாம், பிரவுசர்ல ரவுட்டரோட அட்ரஸ், அதாவது 192.168.1.1 அடிச்சா செட்டிங்ஸ் வரும்னாங்க. அடிச்சேன், வரல. பத்து தடவை அடிச்சேன், வரல. காரணம் என்னன்னு கேளுங்க, வைஃபைல இன்டர்நெட் இல்லன்னதும் போனு அதுவா நைசா மொபைல் டேட்டாவுக்குத் தாவிடுச்சு, நான் அடிக்கற அட்ரஸை வீட்டுக்குள்ள தேடாம வெளியுலகத்துல தேடிட்டு இருந்திருக்கு. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணா ஒரு செகண்டுல வந்துச்சு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம். புக்லெட்ல பதினெட்டு மொழில "தண்ணில போடாதீங்க"ன்னு எழுத இடம் இருக்கு, "மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க"ன்னு எழுத மட்டும் இடம் இல்ல.

உள்ள போனா ஒரு கேள்வி. உங்க கனெக்ஷன் டைனமிக் ஐபியா, ஸ்டாட்டிக் ஐபியா, பிபிபிஓஇ-யா? (அதாவது டப்பாவுக்கு அட்ரஸ் தானா வந்துருமா, மாறாத ஒரு அட்ரஸை நாமளே போடணுமா, இல்ல யூசர்நேம் போட்டு லாகின் பண்ணணுமா.) முதல் தடவையா வீட்டுக்கு லைன் போடறவன்கிட்ட கேக்கற கேள்வியாய்யா இது? பிபிபிஓஇ-ல யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டுச்சு, அப்ப அதுதான் பந்தாவா இருக்குன்னு நினைச்சு அதைப் போட்டேன், தப்பு. லைன் போட வந்தவரு சுவத்துல மாட்டிட்டுப் போன சின்ன மோடமே (வெளி லைனை வாங்கற டப்பா) அந்த லாகினைப் பாத்துக்குதாம், நான் சும்மா டைனமிக்ல விட்டிருக்கணுமாம். "இதுல வைஃபை வராது, ரவுட்டர் தனியா வாங்கிக்கங்க"ன்னு சொன்ன மனுஷன் கூட ஒரு வார்த்தை இதையும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். "மோடத்துல பச்சை லைட் எரியுதா சார்? அப்ப எங்க பக்கம் பிரச்சனை இல்ல சார், ரவுட்டர் கம்பெனியைக் கேளுங்க." அங்க போட்டா, "லைன் குடுத்தவங்களைக் கேளுங்க சார், எதுக்கும் ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க." பின்னாடி ஒரு குட்டி ஓட்டை, அம்மாகிட்ட ஊக்கு வாங்கி பத்து செகண்டு அமுக்கிப் பிடிச்சேன். ரீசெட் ஆச்சு. ரீசெட் ஆச்சுன்னா என்ன அர்த்தம்? மறுபடி ஸ்டிக்கர், மறுபடி பூஜ்யமா ஓ-வா. இப்படி மூணு தடவை.

டைனமிக்ல மாத்தியும் வரல. சாயங்காலம் ஃப்ரெண்டு ஒருத்தனுக்குப் போட்டு அழுதேன், அவன் கேட்ட முதல் கேள்வியே "மச்சான், உன் மோடத்தோட அட்ரஸ் என்ன?" பாத்தா அதுவும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரர் என்ன பண்ணுவாரு பாவம்? சில ரவுட்டர் தானாவே நம்பரை மாத்திக்குமாம், என் கைக்கு வந்தது அந்த ஜாதி இல்ல. 192.168.2.1ன்னு மாத்தி சேவ் பண்ணேன், ரீஸ்டார்ட் ஆச்சு, வந்துருச்சு. ஒரே ஒரு நம்பர்! ஒண்ணை ரெண்டாக்கறதுக்கு ஒரு முழுநாள்!

அதோட விட்டுச்சா? பின் ரூமுக்குப் போனா இழுக்குது. ரவுட்டர் ரெண்டு அலைவரிசைல அனுப்புது, 5 ஜிகாஹெர்ட்ஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ்னு. 5 வேகமாத்தான் போகும், ஆனா ரெண்டு சுவரைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கும், 2.4 தூரம் போகும் ஆனா அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அங்கதான் முட்டி மோதிட்டு இருக்கும். அந்த 2.4-க்குள்ள சேனல்னு பல பாதை இருக்கு, அதுல 1, 6, 11 இந்த மூணுதான் ஒண்ணோட ஒண்ணு மோதாதாம், எது காலியா இருக்கோ அதுல வெச்சேன், கொஞ்சம் தேவலாம். அப்புறம் 100 எம்பிபிஎஸ்னு குடுத்துட்டு டவுன்லோடு 12தான் காட்டுதேன்னு இன்னொரு சண்டைக்கு ரெடியானேன். அந்த 100 மெகாபிட்டு, இந்த 12 மெகாபைட்டு, எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு, அதனால எட்டால வகுத்துக்கணுமாம். சரி, அந்த ஒண்ணு என் தப்புன்னே வெச்சுக்கறேன்.

பிரிண்டர் இன்னும் கனெக்ட் ஆகல. அதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், நான் வேற பெரிய பாதுகாப்புன்னு வைஃபைக்கு டபிள்யூபிஏ3ங்கற புது வகைப் பூட்டு மட்டும் போட்டு வெச்சிருந்தேன், அந்தப் பழசுக்கு அது புரியல. பழைய வகையான டபிள்யூபிஏ2-வும் சேத்து மாத்திட்டேன், இப்ப பேரு தெரியுது, உள்ள வர மாட்டேங்குது. அம்மா ஊக்கைத் திருப்பிக் கேட்டுட்டு இருக்காங்க. இன்னும் குடுக்கல.