எல்லாரும் பார்த்துச் சிரித்த அந்த டப்பா படம்

எத்தனை பேர்தான் அதை எனக்கே அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்துத் தீபாவளி விருந்தில் எல்லார் தட்டிலும் பிரியாணி. நான் மட்டும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவித்த முட்டையும் முட்டைக்கோஸ் பொரியலும் தின்கிறேன். வாய் பிளந்திருக்கும் நேரம் பார்த்து மன்றத்து அண்ணன் ஒருவர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். மேலே ஒரு வரி, 'தமிழச்சிக்குச் சோறு ஆகாதாம்'. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் ஒன்று என் சொந்த நாத்தனாருடையது. சந்தோஷம்.

நான் யாரையும் சோறு சாப்பிடாதே என்று சொல்லவில்லை. பிரியாணி அண்டாவை எட்டி உதைக்கவில்லை. பரிமாறிய தம்பியிடம் "கறி மட்டும் ரெண்டு துண்டு வைப்பா" என்றேன், வைத்தார், அவருக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது. வயிறு எரிந்தது மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து படம் எடுத்த அந்த அண்ணனுக்கு.

பழைய ஆட்களுக்குத் தெரியும். 14 மாதத்துக்கு முன் நான் 84 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர். எச்பிஏ1சி, அதாவது ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு, 7.4. இன்று 67 கிலோ, 6.2. மந்திரம் ஒன்றுமில்லை. சோறு, இட்லி, புரோட்டா, நூடல்ஸ், சீனி எல்லாவற்றையும் ஓரம் கட்டினேன். கோப்பிக் கடையில் கோப்பி ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பி. மதியம் பீஹூன் என்ற அரிசி நூடல்ஸ் இல்லாத மீன் சூப், இல்லையென்றால் நாமே பொறுக்கியெடுக்கும் யோங் தாவ் ஃபூ சூப்பில் கீரையும் தோஃபுவும். (நூடல்ஸ் வேண்டாம் என்றால் அந்தக் கடை ஆன்ட்டி காசையும் குறைக்க மாட்டார், ஒரு துண்டு கூடப் போடவும் மாட்டார். அது தனி வருத்தம்.) இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் பதினொன்றுக்குத்தான் அடுத்தது. காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கி லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம் பக்கம் ஒரு மணி நேர நடை. இந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் விடியும் என்பதால் பெரும்பாலும் இருட்டில்.

முதல் மாதமே ஐந்து கிலோ போனது. ஆடாத ஆட்டம் ஆடினேன். அப்புறம்தான் தெரிந்தது, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் முதலில் கரைவது அதுதான். இரண்டாவது மாதம் ஒன்றரை கிலோதான் இறங்கியது. அழுதேன்கூட.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்தவர் அவர். நான் வேவு பார்க்கவில்லை, அவரே தினமும் படம் போட்டார். முதல் நாள் பால், இரண்டாம் நாள் இளநீர். நானும் மனதாரக் கும்பிடு போட்டேன். முருகனுக்காக வயிற்றைக் காயப்போட்டால் பக்தி, என் கணையத்துக்காகக் காயப்போட்டால் பைத்தியமா? எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் வாரத்தில் திங்களும் வியாழனும் நோன்பு இருப்பவர். நான் பதினொன்று வரை சாப்பிடுவதில்லை என்றதும் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரி, சம்பலை மதியம் கொண்டுவந்து தரேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஒரு பட்டம் வேண்டுமா?

"நம் பாட்டன் சோறு தின்றுதானே வாழ்ந்தான்?" இதோ வந்துவிட்டது. என் தாத்தா கப்பல் பட்டறைக்கு நடந்தே போய் நடந்தே வந்தவர். ஒன்பது மணி நேரம் ஏர்கானில் உட்கார்ந்து எக்ஸெல் பார்த்தவர் இல்லை. அவர் தின்ற சோற்றை நானும் தின்பேன், அவர் இழுத்த இரும்பை யார் இழுப்பது?

"கொலஸ்ட்ரால் ஏறுமே?" ஏறியது, கொஞ்சம். டாக்டர் நெய்யைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். அடுத்த கேள்வி.

"நீ மட்டும் ஊருக்கே உபதேசம் பண்ணவில்லையா?" சரி, பண்ணினேன். முதல் மூன்று மாதம் நான் தாங்க முடியாத பிறவி. உண்ணாநோன்பில் செல் தன்னைத் தானே சுத்தம் செய்கிறது, அதற்கு 2016இல் நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று பத்துக் குழுக்களுக்கு அனுப்பியவள் நான்தான். ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஒசுமி அந்தப் பரிசு வாங்கியது ஈஸ்ட் செல்லை ஆராய்ந்து. என் இடுப்பை ஆராய்ந்து அல்ல. ஒப்புக்கொள்கிறேன். யாருக்காவது எரிச்சலாக இருந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் யாருடைய தட்டையும் படம் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் என்னைப் பார்த்து அப்படியே இறங்காதீர்கள். நான் டாக்டரிடம் சொல்லாமல், சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டே பட்டினி கிடந்தேன். காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவே ரயில் நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும் தெரியுமல்லவா? அதற்குள் கை நடுங்கி, கண் இருட்டி, வேர்த்து ஊற்றிவிட்டது. பள்ளிச் சீருடையில் ஒரு சீனப் பையன் எழுந்து இடம் கொடுத்து, பையிலிருந்து மிட்டாயும் கொடுத்தான். தப்பு முழுக்க என்னுடையது. அன்று சாயங்காலமே பலதுறை மருந்தகத்துக்கு ஓடி மாத்திரையைக் குறைத்து எழுதி வாங்கினேன்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பா செம்பவாங்கில் வெல்டர். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை தேநீர், எல்லாமே கெட்டிப்பால் போட்டது. 1998இல் இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். 2001இல் முழங்காலுக்குக் கீழே. ஆஸ்பத்திரிக்குச் சொந்தமெல்லாம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, "மனுஷன் இளைச்சுப்போயிட்டாரு, ஒரு வாய் சோறு ஊட்டும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா ஊட்டினார். அன்பால்தான் ஊட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

2010 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டின் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 விழுக்காடு. நம் இந்தியர்களில் மட்டும் 17.2. 2016இல் அரசாங்கமே நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. 2022 கடைசியிலிருந்து பான டின்களில் சீனி அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் தர எழுத்து. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் ஆக மோசமான 'டி'. அரசாங்கம் டின்னில் ஒட்டினால் விழிப்புணர்வு. நான் டப்பாவைத் திறந்தால் தமிழ்த் துரோகம்!

கமெண்டில் இருவர் "இளைக்க ஊசி போட்டுக்கொள்கிறாராம்" என்று எழுதியிருக்கிறார்கள். போடவில்லை. போட்டால்தான் என்ன? டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போடுகிறவர்கள் என்ன திருட்டா செய்கிறார்கள்? ஆனால் எனக்கு வலித்தது அதில்லை. 14 மாதம் இருட்டில் நடந்த நடையை ஒரே வரியில் அழித்துவிட்டார்கள். இத்தனைக்கும் நான் இன்னும் ஒல்லி இல்லை. ஆசியர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை) கணக்கில் 23க்குக் கீழே போக வேண்டுமென்றால் நான் 57 கிலோவுக்கு இறங்க வேண்டும். இறங்குவேனா தெரியாது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் இதே மன்றத்தில் இதே அண்ணன்தான் குழுப்படம் எடுத்தார். "அக்கா, நீங்க பின்னாடி போய் நில்லுங்க, ரெண்டு பேரை மறைக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். புது அரக்குப் புடவை. அந்தப் படத்தில் என் நெற்றி மட்டும்தான் தெரியும். இந்த வருடம்தான் என் முகத்தை முழுதாக எடுத்திருக்கிறார்.

படத்தை நீக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. யாரும் எனக்காகச் சண்டைக்கும் போக வேண்டாம். அன்று எழுந்து போன வேகத்தில் டப்பாவின் நீல மூடியை மேசையிலேயே விட்டுவிட்டேன், படத்திலும் தெரிகிறது பாருங்கள், தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில். யாராவது எடுத்து வைத்திருந்தால் சொல்லுங்கள். மூன்று டப்பா சேர்த்து வாங்கிய செட் அது.