ஒரு ஸ்பேஸுக்காக மூன்று ராத்திரி

மெயிலை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்ட அனுப்பும் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து, அதாவது டிகிம், சரியில்லையாம். மெயில் நிஜம், அனுப்பினவரும் நிஜம், அதைச் சரிபார்க்க நான் எழுதிய புரோகிராம் மட்டும் "ஃபெயில், ஃபெயில்" என்று சாதிக்கிறது. அதே மெயிலை ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தால் டிகிம் 'பாஸ்'!

கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியை டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களின் பொதுப் பதிவேட்டில்) பார்த்தேன், இருக்கிறது. ஹெட்டர் (அனுப்பினவர், தேதி போன்ற தலைப்பு வரிகள்) பார்த்தேன், சரி. கடைசியில் பார்த்தால் வரும் மெயிலையெல்லாம் வாசலில் சோதிக்கும் எங்கள் ஆபீஸ் கேட்வே, "வெளியிலிருந்து வந்த மெயில், ஜாக்கிரதை" என்று மேலே ஒரு வரி ஒட்டியிருக்கிறது. பாதுகாப்புக்காம்! உள்ளே ஒரு எழுத்து கூடினாலே ஹாஷ் (மெயிலின் கைரேகை மாதிரி கணக்கிடும் எண்) மொத்தமும் மாறிவிடுமே, காவல்காரனே முத்திரையை உடைத்தால் யாரிடம் போய் அழ?

அதைத் தாண்டினால், நான் புரோகிராம் எழுதும் மொழியான பைத்தான். மெயிலைப் பிரித்துத் திரும்ப எழுதினால் ஹெட்டரைத் தன் இஷ்டத்துக்கு மடித்து வைக்கிறது. அனுப்பினவர் ஹெட்டரில் எதுவும் மாறக் கூடாது என்கிற 'சிம்பிள்' முறையில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு ஸ்பேஸ் போதும், காலி. இதற்குப் பெயர் சிம்பிளாம். யார் வைத்த பெயரோ!

சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே கூட்டாளி யோசனை சொல்கிறான்: "எல்லாத்துக்கும் பாஸ்னு எழுதிட்டுப் போயேன்டா, யார் பார்க்கப் போறா?"

இவன் செக்யூரிட்டி டீமில் இருக்கிறான்.