கடைசியில் வரைந்த முதல் ஸ்கெட்ச்

போன வாரம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு மாணவர்களின் வேலைக்கு மதிப்பெண் போடும் ஜூரியாகப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது நிறையக் கல்லூரிகளுக்குப் பொருந்தும், நான் படித்ததற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே.

கிராஃபிக் டிசைன் பிராஜெக்ட், 22 பேர். ஒவ்வொரு மேஜையிலும் முடித்த வேலை, பக்கத்தில் ஸ்பைரல் போட்ட ஒரு பிராசஸ் புக், அதாவது அந்த வேலை எப்படிப் படிப்படியாக உருவானது என்று காட்டும் நோட்டு. பெரும்பாலான புக்கில் முதல் பக்கம் இரண்டு வைர வடிவக் கட்டங்கள். பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2000-களின் நடுவில் கொண்டுவந்த டபுள் டயமண்ட் படம் அது. முதல் வைரத்தில் பிரச்சினையை அகலமாக விரித்துப் பார்த்து ஒரு புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதில் தீர்வுகளை அப்படியே விரித்துக் குறுக்க வேண்டும். படத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மைண்ட் மேப், மூட் போர்டு (பிடித்த நிறம், எழுத்து, படங்களை ஒட்டிய பக்கம்), பெர்சோனா (வாங்கப்போகிறவர் என்று கற்பனை செய்த ஆள்), 30 ரஃப் ஸ்கெட்ச், 3 ஆப்ஷன், ஃபைனல். எந்த புக்கிலும் இந்த வரிசை மாறவில்லை. 22 பேரில் ஒருவருக்குக்கூட எங்கும் கால் இடறவில்லை.

ஒரு பெண்ணின் புக்கைப் புரட்டினேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புது கவர் செய்திருந்தாள். 30 ஸ்கெட்ச்சில் ஒரு கோடுகூட அழித்து வரைந்ததாக இல்லை. 12-வது ரஃபில் இருந்த 'க'வின் வளைவு, ஃபைனல் லோகோவில் இருந்த வளைவோடு அச்சு அசலாகப் பொருந்தியது. எனக்குப் புரிந்துவிட்டது. திருடனைத் திருடன்தானே அறிவான்.

2006-ல் நானும் இதையேதான் செய்தேன். ஒரு கற்பனைக் காப்பிக்கடைக்கு லோகோ. கம்ப்யூட்டரில் கோரல்டிராவில் ஒரே ராத்திரியில் முடித்தாகிவிட்டது. மறுநாள் பிராசஸ் புக் வேண்டுமே? லோகோவைப் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாள் வைத்துப் பின்னோக்கி வரைந்தேன். ஒரு தாளில் கைப்பிடி இல்லாத கப், இன்னொன்றில் ஆவி இல்லாத கப், இப்படி. முடிந்த பொம்மையின் கைகால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி 'இப்படித்தான் பிறந்தது' என்று கதை கட்டினேன். போதாக்குறைக்கு இரண்டு பக்கத்தில் டிகாஷன் சொட்டுவிட்டேன், நடுராத்திரி வரை உழைத்த களை வரட்டும் என்று. "சின்சியர் வொர்க்" என்று சிவப்பு மையில் எழுதி முழு மதிப்பெண் வந்தது. டிகாஷனுக்கு வந்த மதிப்பெண் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இது டிசைன் மாணவர்களிடம் மட்டும் தொற்றிய வியாதி இல்லை. பள்ளி லேபில் ஊசலை நாலு தரம் ஆட்டிவிட்டு, விடை 9.8 வருகிற மாதிரி ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதிய பரம்பரை நாம். பிராசஸ் புக் என்பது நம் கைக்கு வந்ததும் ரெக்கார்டு நோட்டாக மாறிவிட்டது, அவ்வளவுதான். அட்டை போடு, லேபிள் ஒட்டு, கையெழுத்து வாங்கு.

டிசைன் வரலாற்றையும் நாம் இதே மாதிரிதான் கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்க டிசைனர் மில்டன் கிளேசர் நியூயார்க்கில் டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கவரின் மேல் சிவப்பு கிரேயானில் 'ஐ லவ் நியூயார்க்' சின்னத்தைக் கிறுக்கிய கதை எல்லா வகுப்பிலும் வரும். அந்தக் கிறுக்கல் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேட்கிற பையன் என்ன நினைப்பான்? ஐடியா மின்னல் மாதிரி வரும், நாம் டாக்ஸி பிடித்தால் போதும் என்று. அதற்கு முன்னாலேயே அவர் வேறொரு டிசைன் கொடுத்து, அது ஓகே ஆகியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ஓகே ஆன வேலையைத் தானே போன் போட்டு மாற்றச் சொன்ன மனுஷன் அவர். புஷ் பின் ஸ்டுடியோவை நண்பர்களோடு 1954-ல் தொடங்கியவர். டாக்ஸிக் கிறுக்கல் 1976-ல். நடுவில் 22 வருஷம். எனக்கு அந்தக் கதையில் கிரேயானைவிட அந்தப் போன்தான் முக்கியமாகப் படுகிறது. ஓகே ஆனதை வேண்டாம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதற்கு எந்த வைரத்திலும் கட்டம் கிடையாது.

சரி, கடலை மிட்டாய்க்கு வருகிறேன். அவள் புக்கில் பெர்சோனா ஒன்று இருந்தது: 'பிரியா, 28, ஐடி வேலை, சென்னை, ஆரோக்கியமான ஸ்நாக்ஸ் விரும்புபவர்.' இந்தப் பிரியாவை நான் வருஷாவருஷம் எல்லாக் கல்லூரியிலும் சந்திக்கிறேன். வயதுகூட ஏறுவதில்லை.

"இந்தப் பிரியாவைப் பார்த்தியாம்மா?"

"இல்லை மேம். டெம்ப்ளேட்ல இருந்தது."

"யாரைத்தான் பார்த்தே?"

கொஞ்சம் தயங்கிவிட்டு போனை எடுத்தாள். கேலரியில் நூற்றுக்கணக்கில் படங்கள். கோவில்பட்டியில் ஒரு கடை. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். அடுத்த படத்தில் வேறொரு அம்மாவும் அதையே செய்கிறார். கடலை முழுசா இருக்கா, நொறுங்கிக் கிடக்கா என்று பார்க்கிறார்களாம். இவள் முதலில் செய்தது கவர் முழுக்கச் செங்கல் நிறத்தில் அடித்த டிசைன். அதைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் பதில் போட்டிருக்கிறார்: "கவர் ஃபுல்லா மூடுனா எவனும் வாங்க மாட்டான் பாப்பா." இரண்டு நாள் அழுகையும் கோபமுமாகப் போயிருக்கிறது. பிறகுதான் கவரின் நடுவில் பெரிய ஜன்னல் விட்டு, எழுத்தை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறாள். மேஜையில் இருந்த கவரில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்த ஜன்னல்தான்.

"இதையெல்லாம் ஏம்மா புக்ல வைக்கல?"

"ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் அசிங்கமா இருக்கும் மேம். லேஅவுட் கெட்டுடும்."

அமெரிக்க டிசைனர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் நம் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதியது லோட்டாவை, நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், யார் கை, எப்படித் தூக்குவார்கள், ஊற்றும்போது எப்படி, தேய்த்துக் கழுவ எப்படி, விலை என்ன என்று கேள்வியாக அடுக்கியிருப்பார்கள். பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்த பெரியவரைப் படம் எடுத்தபோது இந்தப் பெண் செய்ததும் அந்த மாதிரி வேலைதான். அதற்கு பிராசஸ் என்று பெயர் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழ் எழுத்து விஷயத்திலும் இதே கூத்து. மூட் போர்டு முழுக்க ஹெல்வெட்டிகா, ஃபியூச்சுரா என்று ஆங்கில எழுத்துருக்கள். கவரில் வரப்போவதோ தமிழ். அடோபி மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான செட்டிங் சரியாக இல்லாவிட்டால் 'கொ'வில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அதோடு மல்லுக்கட்டி இரண்டு நாள் போயிருக்கும். அதுவும் புக்கில் வராது. ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற தலைப்பு தமிழில் பதினாலு எழுத்தாகிறது, கீழ்வரி 'கி'யின் கொக்கி மேல்வரி 'பு'வின் காலில் இடிக்கிறது. நம் ஊர் டிசைனரின் அன்றாடப் போராட்டம் இது. சிலபஸில் தேடினால் கிடைக்காது.

ஆசிரியர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 60 பேர் வகுப்பில் ஒவ்வொருவனின் கிறுக்கலையும் வாராவாரம் உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்? செமஸ்டர் கடைசியில் அழகான புக்கைப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் நடக்கக்கூடியது. ஆனால் அழகுக்கு மதிப்பெண் போட்டால் அழகுதான் வரும். எனக்குத் தோன்றுகிற வழி சின்னது. ஸ்பைரல் பைண்டிங்கை ஒழித்துவிடலாம். போன் கேலரியைத் தேதிவாரியாகத் திறந்து காட்டச் சொல்லலாம். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "எந்த இடத்தில் மனசு மாறினே, ஏன்?" மாறவே இல்லை என்றால் அவன் வேலையைத் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதையும் ஜோடிப்பார்கள், தெரியும். 300 படங்களைத் தேதி போட்டு ஜோடிப்பதைவிட வேலையைச் செய்வது சுலபம்.

மதிப்பெண் தாளில் 'பிராசஸ் - 20' என்று ஒரு கட்டம். புக்குக்கு 6 போட நினைத்தேன். கேலரிக்கு 18. கட்டம் ஒன்றுதான் இருந்தது. 18 எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஜூரி, "புக்ல அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்?" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

விஸ்காம், ஃபைன் ஆர்ட்ஸ், டிசைன் படித்தவர்கள் கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள். ஃபைனலை முடித்துவிட்டு ரஃப் வரைந்தவர்கள் எத்தனை பேர்? டிகாஷன் ஊற்றியது நான் மட்டும்தானா?