அந்த ஒத்த டிஸ்க்கைத் தனியா வித்தா என்னய்யா குறைஞ்சு போகும்?

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், நீளமாத்தான் போகும். பழைய ஆல்பத்தை எல்லாம் இப்ப டால்பி அட்மாஸ்ல, அதாவது சுத்தியும் தலைக்கு மேலயும் சத்தம் வர்ற மாதிரி, புதுசா மிக்ஸ் பண்ணி விடுறாங்கல்ல, அதை வீட்ல நாலு ஸ்பீக்கர் மாட்டி ஒழுங்கா கேக்கணும்னு ஆசைப்படுறவனை இந்த ரெக்கார்டு கம்பெனிங்க படுத்துற பாடு சொல்லி மாளாது.

ஒரு நல்ல மிக்ஸ் பண்ணி ப்ளூ-ரேல போடுறாங்க, சந்தோஷம். ஆனா அந்த ப்ளூ-ரேயைத் தனியா விக்க மாட்டாங்களாம். கூடவே நாலு எல்பி, மூணு சிடி, தலகாணி சைஸ்ல ஒரு புக்கு, போஸ்டர், எந்தக் காலத்துக் கச்சேரி டிக்கெட்டோட நகல், எல்லாத்தையும் ஒரு பெட்டில அடைச்சு இத எடுத்தாத்தான் அதுங்கிறான். எங்கிட்ட எல்பி ப்ளேயரே கிடையாதுய்யா! இங்க தென்னாப்பிரிக்கா ஜோபர்க்ல எந்தக் கடையிலயும் இது கண்ணுல படுறதில்ல, லண்டன்லேருந்துதான் வரவழைக்கணும், பவுண்டை ராண்டா மாத்திப் பாத்தாலே பாதி உசுரு போயிடும், அந்த எல்பி கனத்துக்கு கூரியர் காசு, மேல 15 சதவீதம் வாட், அதுக்கும் மேல கிளியரன்ஸ் ஃபீன்னு கூரியர்காரன் தனியா ஒரு பில் நீட்டுவான். சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்.

தனியா விக்க முடியாதுன்னா சரி, முடியுதே! பிங்க் ஃபிலாய்டுன்னு இங்கிலீஷ் ராக் பேண்டோட 1973 ஆல்பம், ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’, அதுக்கு 2023ல 50வது வருஷப் பெட்டி போட்டாங்க, கொஞ்ச மாசத்துல அட்மாஸ் ப்ளூ-ரேயைத் தனியாவும் வித்தாங்க. வானம் இடிஞ்சா விழுந்துச்சு? அந்த ஆல்பத்துல கடிகாரம் எல்லாம் ஒண்ணா அடிக்குமே, அதை இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் முதல்ல ரெக்கார்ட் பண்ணதே நாலு ஸ்பீக்கர் குவாட்ரோஃபோனிக் டெமோவுக்காகத்தான். சுத்தி நின்னு கேக்கணும்னே பொறந்த சத்தம் அது. எங்க ஹால்ல முதல் தடவை அது நாலா பக்கமும் அடிச்சப்ப நான் சோபாவை விட்டு எந்திரிச்சே நின்னுட்டேன்.

ஆனா அந்த ஒரே ஆல்பத்துக்கு ஒரு ரசிகன் எத்தனை தடவை காசு கொடுத்திருப்பான் பாருங்க. எழுபதுகள்ல அந்த நாலு ஸ்பீக்கர் குவாட், 2003ல எஸ்ஏசிடிங்கிற உயர்தர சிடில 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), இப்ப அட்மாஸ். குவாட் காலத்துலயே கம்பெனிக்கு ஒரு ஃபார்மேட் கொண்டு வந்து, ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராம அடிச்சுக்கிட்டு செத்தாங்க. அப்புறம் எஸ்ஏசிடிக்கும் அதுக்குப் போட்டியா வந்த டிவிடி ஆடியோவுக்கும் அதே சண்டை. ஒவ்வொரு தடவையும் நட்டம் யாருக்கு? வாங்கினவனுக்கு.

பீட்டில்ஸ் கதை இன்னும் மோசம். ஆபி ரோடு 2019 பெட்டில ப்ளூ-ரே இருந்துச்சு, 2021ல லெட் இட் பீக்கும் இருந்துச்சு. 2022ல ரிவால்வர் வருது. 1966ல நாலு டிராக் டேப்புல ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டிப் போன டிரம்ஸையும் கிட்டாரையும் சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்சன் டீமோட சாஃப்ட்வேர் வெச்சுப் பிரிச்சு, புரொட்யூசர் கைல்ஸ் மார்ட்டின் உக்காந்து அட்மாஸ் பண்ணாரு. பெட்டில அஞ்சு சிடி. ப்ளூ-ரே இல்ல! அட்மாஸ் வேணும்னா ஸ்ட்ரீமிங்ல கேட்டுக்கோன்னுட்டாங்க. அதாவது இப்ப முழுக் காசு கொடுக்க ரெடியா நின்னாலும் கிடைக்காது.

ஸ்ட்ரீமிங்ல வர்றது என்ன? டேட்டாவைக் குறைக்க அதிகபட்சம் 768 கேபிபிஎஸ்ல கசக்கினது. ப்ளூ-ரேல இருக்கிற ட்ரூஹெச்டிங்கிற ஆடியோ ஃபார்மேட்ல ஒரு பிட்டு குறையாம முழுசா வரும். சரி அதையாவது பொறுத்துக்கலாம், அட்மாஸ் முத்திரையோட அங்க கொட்டி வெச்சிருக்கிற போலிகளை எப்படிப் பொறுக்குறது? போன வாரம் ஒரு பழைய சோல் ஆல்பம் போட்டேன். குரலோட ஓரமெல்லாம் கொழகொழன்னு, டிரம்ஸோட ஹை-ஹாட் தாளம் பாதி முன்னாடி பாதி பின்னாடி சிதறுது. சோபா மேல ஏறி கூரை ஸ்பீக்கர்ல காதை வெச்சுப் பாத்தா வெறும் எக்கோ, வேற ஒண்ணுமே இல்ல. ஒரிஜினல் டேப்பையே தொடாம, ரெண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவை எடுத்து ஊதிப் பெருக்கி விட்டிருக்காங்க. மெஷின் வெச்சுப் பிரிக்கிறது தப்புன்னு நான் சொல்லல, ரிவால்வரும் மெஷின்தான், ஆனா அங்க ஒரு மனுசன் காது கொடுத்துக் கேட்டு வேலை பாத்திருக்கான்.

இது ஏன் இப்படி நடக்குதுன்னா காசு. 2024 ஜனவரிலேருந்து ஒரு பெரிய ஸ்ட்ரீமிங் கம்பெனி ஸ்பேஷியல்ல, அதாவது அட்மாஸ் மாதிரி சுத்தி ஒலிக்கிற வடிவத்துல, இருக்கிற பாட்டுக்கு 10 சதவீதம் வரைக்கும் ராயல்டி கூடக் கொடுக்குது. நல்லா பண்ணாலும் அதே காசு, நாறப் பண்ணாலும் அதே காசு, அப்ப எவன் மெனக்கெடுவான்?

சவுண்டு லெவல் வேற. அட்மாஸுக்கு சராசரி சத்தம் மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கிற அளவு) தாண்டக் கூடாதுன்னு வரம்பு, ஸ்டீரியோவை விடக் கம்மி, அதனால வால்யூமை ஏத்தி வெச்சுத்தான் கேக்கணும், அடுத்து ஸ்டீரியோ பாட்டு ஒண்ணு வந்துச்சு செத்தோம், வீடே அதிரும், பக்கத்து யூனிட்காரம்மா நேரா பாடி கார்ப்பரேட்டுக்கு, அதான் குடியிருப்பு சங்கத்துக்கு, மெயில் போட்டுடுவாங்க. எனக்குக் கேக்கக் கிடைக்கிறதே கொஞ்ச நேரம். கோடையில சாயங்காலம் ஆனா இந்த ஹைவெல்ட் மேட்டு நிலத்து இடி ஆரம்பிச்சுடும், ரிசீவர் பிளக்கைப் புடுங்கிப் போடணும், ராத்திரி சத்தம் போடக் கூடாது, நடுவுல கரண்ட் இருந்தாத்தான் பாட்டு. அந்த நேரத்துலயும் போலியைக் கேக்கணுமா நான்?

‘மச்சான் ஹெட்போன்ல கேளேன்’னு வராதீங்க. ரூமுல பின்னாடி நிஜமா ஒரு ஸ்பீக்கர்லேருந்து கோரஸ் வர்றதும், காதுக்குள்ள கணக்குப் போட்டு ஏமாத்துறதும் ஒண்ணு கிடையாது.

இந்த நாட்டுப் பாடகர் குழு லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ மாதிரி ஆளுங்க, ஒரு வாத்தியம் இல்லாம வெறும் குரலாலேயே பாடுறவங்க, அவங்களை டேப்புலேருந்து ஒழுங்கா எடுத்து சுத்தி நிக்க வெச்சு, ஒரே ஒரு டிஸ்க்கா, சாதா பிளாஸ்டிக் டப்பால போட்டு வித்தீங்கன்னா அன்னிக்கே வாங்குறேன். புக்கு வேணாம், போஸ்டர் வேணாம். இங்க பக்கத்துல மிட்ராண்ட், சென்சூரியன் ஏரியாவுல இருக்கிறவங்க யாராவது தனி ப்ளூ-ரே ஆர்டர் போடுறதா இருந்தா சொல்லுங்க, நாலஞ்சு பேர் சேந்து போட்டா கூரியர் காசாவது பாதியாகும்.