வாழ்த்து சொன்ன அண்ணனுக்கு

செவ்வாய்க்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இந்நேரம் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள், அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. பழைய செஸ்னா 172 குட்டி விமானம் ஒன்றின் முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டது என் தப்பு. "வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. நான் அண்ணன் என்று கூப்பிடும், பெரிய விமானம் ஓட்டிய ஒருவர் வந்து, ஹெலிகாப்டர் ஓட்டுகிற என்னைப் பார்த்து, "ஒருவழியாக நிஜ பைலட் ஆகப் போகிறாய், வாழ்த்துகள் தம்பி" என்றார். அதற்கு இருநூறு சிரிப்பு. திமிர் என்றும் பேச்சு.

நானும் பதிலுக்கு ஒரு ஸ்மைலி போட்டுவிட்டுத்தான் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவ ஹெலிகாப்டர் ஓட்ட ஆரம்பித்து 16 வருடம் ஆகிறது. பறந்த நேரத்தை எழுதிவைக்கும் லாக்புக்கில் 3,400 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம்கூட நானாகப் போக நினைத்த இடத்துக்குப் போனது கிடையாது. எங்கே, எப்போது, எத்தனை பேர், எத்தனை கிலோ, எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் எனக்குக் குறை இல்லை, வேலை என்றால் அதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, வானத்தைப் பார்த்து, சரி, இன்றைக்கு அந்த ஏரிப் பக்கம் போய்விட்டு வரலாம் என்று நானே முடிவெடுத்துப் பறக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதற்குப் பெயர் திமிரா?

இனி அந்த "நிஜ பைலட்" விஷயம். அண்ணன் ஓட்டியது பெரிய விமானம். இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதையில் முன்கூட்டியே வண்டி விட்டு நாயெல்லாம் துரத்திய பிறகு இறங்குவார். நாங்கள் இறங்கும் இடத்தில் நாய் இருக்கும், ஆடு இருக்கும், சில நேரம் சுடுகிறவனும் இருப்பான். வறண்ட மண்ணில் இறங்கும்போது கடைசி சில அடியில் தலைக்கு மேலே சுழலும் எங்கள் ரோட்டாரே கிளப்பிய புழுதி எங்களை மூடிவிடும், கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. கதவோரம் குப்புறப் படுத்திருப்பவன் "பத்தடி, எட்டடி, இடது சக்கரத்துக்குக் கீழே கல், கொஞ்சம் வலது, இன்னும் வலது" என்று சொல்லிக்கொண்டே வருவான். அந்தக் குரலை நம்பி இறக்க வேண்டும். இது போலி பைலட் செய்கிற வேலை என்றால் சரி, நான் போலிதான்.

ஹெலிகாப்டரை உருப்படியாகப் பறக்கவைத்த இகோர் சிகோர்ஸ்கியே முதலில் விமானக்காரர்தான். 1913-இல் ரஷ்யாவில் நான்கு இன்ஜின் விமானம் கட்டிப் பறந்தவர். 1939-இல் அமெரிக்காவில் விஎஸ்-300 ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து தூக்கியபோது அவருக்கு வயது ஐம்பது. நிஜ பைலட்டாக இருந்தவர் எதற்காக அந்த வயதில் தன் பதவியைத் தானே இறக்கிக்கொண்டார் என்று அண்ணன்தான் விளக்க வேண்டும். அப்புறம் 1944 ஏப்ரல், பர்மா. காயம்பட்ட மூன்று பேரோடு ஒரு சின்ன விமானம் எதிரிப் பகுதிக்குள் விழுந்துவிட்டது. விமானம் எதுவும் இறங்க முடியாத இடம். கார்ட்டர் ஹார்மன் என்ற லெஃப்டினன்ட் வொய்ஆர்-4பி ஹெலிகாப்டரில் போய், ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆள்தான் ஏற்ற முடியும் என்பதால் ஒவ்வொருவராக எடுத்து வந்தார். போரில் ஹெலிகாப்டர் ஆள் மீட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது. விழுந்தது சின்ன விமானம், மீட்டது ஹெலிகாப்டர் என்பதால் இதை எனக்கு எதிராகவும் திருப்பலாம். அண்ணன் திருப்புவார்.

"சரி, ஹெலிகாப்டரில் சூரனாகவே இரு, விமானம் வேறு, செத்துப்போவாய்" என்று இன்னொரு கோஷ்டி. இவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. வேறுதான். உரிமமே வேறு, ஹெலிகாப்டர் உரிமத்தை வைத்துக்கொண்டு விமானத்தைத் தொட முடியாது. அதனால்தான் எட்டு மாதமாக விடுமுறை நாளில் எல்லாம் போய் முதல் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்து படித்தேன். என் பயிற்சியாளருக்கு வயது இருபத்து நான்கு. 16 வருடம் வலது சீட்டில் உட்கார்ந்து, வலது கையில் பக்கவாட்டிலும் முன்பின்னும் நகர்த்தும் சைக்ளிக், இடது கையில் மேலே ஏற்றி இறக்கும் கலெக்டிவ் பிடித்தவன் இப்போது இடது சீட்டில், இடது கையில் விமானத்தைத் திருப்பும் வளையம், வலது கையில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். முதல் வாரம் முழுக்க என் இடது கை சீட்டுக்குப் பக்கத்தில் இல்லாத கலெக்டிவைத் தேடிக்கொண்டிருந்தது.

முதல் இறக்கம் மறக்காது. ஓடுபாதைக்கு மேலே இருபதடியில் இருக்கும்போதே மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறேன், நிறுத்தி மெதுவாக உட்காரவைக்கலாம் என்று உடம்பு தானாக முடிவெடுத்துவிட்டது. பையன் கத்தவில்லை, கையைக் கொண்டுவந்து மூக்கைத் தாழ்த்தி, கொஞ்சம் பவர் கொடுத்து, "சார், இது நிற்காது சார்" என்றான். அவ்வளவுதான். இறக்கை காற்றைப் பிடித்து ஓடிக்கொண்டே இருந்தால்தான் விமானம், வேகம் குறைந்தால் தரைக்குப் பக்கத்திலேயே ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்து, பொத்தென்று விழும். 3,400 மணி நேரப் பழக்கம்தான் அங்கே எமன். இது உண்மையான ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரித்த இருநூறு பேரில் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லையே? தெரிந்து எச்சரித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"ஒற்றை இன்ஜினை நம்பி எப்படி?" என்று கேட்டவர்கள் எங்கள் ஹெலிகாப்டர் ஆட்களே. நம்மிடம் இன்ஜின் இரண்டுதான் தம்பிகளா, ரோட்டாரைச் சுழற்றும் மெயின் கியர்பாக்ஸ் எத்தனை? வாலில் சுழலும் டெயில் ரோட்டார் எத்தனை? ஒவ்வொன்றுதானே? இன்ஜின் நின்றால் இந்த 172 விமானம் கல் மாதிரி விழாது, இருக்கும் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் நம் ஹெலிகாப்டர் எவ்வளவு கொஞ்ச தூரம்தான் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது "ஐம்பது வருடத்துப் பழைய தகரம்." 1975-இல் செய்தது, மறைக்கவில்லை. இந்த ரகம் முதலில் பறந்தது 1955-இல், இதுவரை நாற்பதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் ஏராளமான பைலட்டுகள் பறக்கப் படித்தது இதில்தான். விமானத்துக்குப் பிறந்த வருடம் மட்டும் வயது ஆகாது. எத்தனை மணி நேரம் ஓடியது, எப்படி ஓடியது, யார் பார்த்துக்கொண்டது, லாக்புக்கில் ஓட்டை இல்லாமல் எழுதியிருக்கிறதா, அதுதான் ஜாதகம். இதே அண்ணன் போன மாதம் எனக்கு வேறொரு விமானத்தைக் காட்டி, "மணி நேரமே ஓடவில்லை, புதுசு மாதிரி" என்று சிபாரிசு செய்தார். அது எட்டு வருடம் ஹேங்கர் கொட்டகையில் தூங்கியது. இந்த விமானங்களில் இருக்கும் லைகமிங் நிறுவன இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, ஓடாமல் நின்றால் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து அது வறண்டு துருப்பிடிக்கும். 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் என்று இன்ஜின் செய்கிறவர்களே சும்மாவா சொல்கிறார்கள்? ஓடாத இன்ஜினைவிட வாராவாரம் ஓடுகிற இன்ஜின் எனக்குப் போதும். வியாழக்கிழமை இன்ஜினியர் வந்து சிலிண்டர்களின் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரெஷனைப் பார்த்து, ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்க்கிறார். அதில் இரும்புத் தூள் மின்னினால் வாங்க மாட்டேன், போதுமா?

"ஹெலிகாப்டரே வாங்க வேண்டியதுதானே" என்று கேட்ட மகராசனுக்கு: நீங்கள் பாதி போடுங்கள், வாங்குவோம். மேலதிகாரியிடம் சொன்னாயா என்று கேட்டவர்களுக்கு: எழுதிக் கொடுத்தாயிற்று.

பராமரிப்புச் செலவு உன்னை விழுங்கிவிடும் என்று சொன்னவர்கள் சொல்வது, சரி, உண்மையாக இருக்கலாம். வாங்குகிற காசு சின்னது, வைத்திருக்கிற காசுதான் பெரியது. என் மனைவியும் இதையேதான் கேட்டாள், அவளுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கேயும் கேட்காதீர்கள்.

அவளாவது முகத்துக்கு நேரே கேட்டாள்.

உண்மையில் எது சுட்டது என்று இப்போது சொல்கிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட் எங்கள் குடும்பக் குழுவுக்கும் போயிருக்கிறது. புதன்கிழமை ராத்திரி அம்மா போன் செய்தாள். மூட்டு வலி, மாத்திரை, பேத்தி படிப்பு எல்லாம் பேசி முடித்து வைக்கப் போகிற நேரத்தில், "ஏம்ப்பா, அப்ப இத்தனை வருஷமா நீ ஓட்டுனது பைலட் வேலை இல்லையா?" என்றாள். கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். படித்த ஆள் ஒருத்தர் எழுதியிருக்கிறாரே, அதற்கு இத்தனை பேர் வேறு சிரித்திருக்கிறார்களே என்று.

நான் பறந்து அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை. அணிவகுப்பு நாளில் ஐந்து ஹெலிகாப்டர் வரிசையாகப் போனோம். கூட்டத்தில் நின்று மூன்றாவது ஹெலிகாப்டருக்குக் கை காட்டிக்கொண்டே இருந்தாளாம், தங்கை வீடியோ எடுத்திருக்கிறாள். நான் ஐந்தாவதில் இருந்தேன். அப்பா அதைக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு முந்தின வருடமே போய்விட்டார். வெள்ளத்தில் கூரை மேல் நின்ற, பெயர் தெரியாத கிழவிகளை ஏற்றியிருக்கிறேன். பிரசவ வலியில் இருந்தவர்களை, ஜெனரேட்டரை, தண்ணீர் டிரம்மை, பெரிய மனிதர்களின் பெட்டியை, பெட்டி தூக்க வந்தவரின் பெட்டியை, இறந்தவர்களை எல்லாம் ஏற்றியிருக்கிறேன். பெற்றவளை ஏற்ற முடியாது, அது அரசாங்கச் சொத்து. ஏற்றக் கூடாதுதான். நான் ஒன்றும் விதி தப்பு என்று சொல்லவில்லை.

திமிராம்.

நேற்று நானே அம்மாவைக் கூப்பிட்டு எடை எவ்வளவு என்று கேட்டேன். 172-இல் நாலு சீட் இருக்கிறதே தவிர, நாலு பெரியவர்களை உட்காரவைத்து டேங்கையும் நிரப்பினால் தாங்காது, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று கிலோ கணக்குப் போட்ட பிறகுதான் எரிபொருள் ஊற்ற வேண்டும். "எதுக்குடா?" என்றாள். சும்மாதான் என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஐம்பத்தெட்டு" என்றாள். பின்னாலிருந்து தங்கை, "அண்ணா, அறுபத்தாறு" என்று கத்தினாள்.

அறுபத்தாறு என்றே எழுதிக்கொண்டேன்.