ரெண்டு கண்ணி கழட்டச் சொன்னா வாட்ச்சுக்கே மொட்டை அடிச்சுத் தர்ற மகராசன்களுக்கு

கேட்டது ரெண்டு கண்ணி கழட்ட. ரெண்டே ரெண்டு. செயின் லூசா இருக்கு, கையைத் தூக்கினா வாட்ச் முழங்கை வரைக்கும் போய் விசாரிச்சுட்டு வருது, அதனால. திரும்பி வாங்கிப் பார்த்தா கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு இருக்கு. "பாலிஷும் போட்டுட்டேன் சார். அதுக்குக் காசு வேணாம்."

காசு வேணாமாம். கழுத்தை அறுத்தவன் கத்திக்கு வாடகை வேணாம்னு பெருந்தன்மையா சொல்ற மாதிரி.

செகண்ட் ஹேண்ட் டூ-டோன், அதாவது தங்க நிறமும் ஸ்டீலும் கலந்த ரெண்டு நிற வாட்ச், வச்சிருக்கவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. துபாய்லேர்ந்தோ சிங்கப்பூர்லேர்ந்தோ யாரோ ஒரு சித்தப்பா பெட்டியில வந்த சீக்கோ 5. நடுக்கண்ணி தங்க நிறம், ரெண்டு ஓரமும் ஸ்டீல். கிழமைத் தகட்டைத் திருப்பினா அரபியில வெள்ளிக்கிழமை. முப்பது வருஷம் வேர்வை குடிச்சும் ஓடுற மெஷின். அதைப் பத்தே நிமிஷத்துல முடிச்சு விடுறதுக்குன்னே மேசை மேல ஒரு மோட்டாரும் பஞ்சுச் சக்கரமும் வச்சிருக்காங்க.

அந்தப் பத்து நிமிஷத்தைக் கொஞ்சம் மெதுவா ஓட்டிப் பார்ப்போம்.

முதல்ல ரிப்பேர் கடைக்காரர் வாட்ச்சைக் கையில வாங்குறார். பார்க்கல. வாங்குறார், அவ்வளவுதான். பார்த்திருந்தா லாக்கோட பக்கவாட்டுல வரிசையா குட்டிக் குட்டி ஓட்டை இருக்கறது தெரிஞ்சிருக்கும். உள்ள இருக்கற ஸ்பிரிங் பாரை, அதாவது அமுங்குற முனை வச்ச குட்டிக் கம்பியை, முனையில அழுத்தி ஒரு ஓட்டை தள்ளிப் போட்டா பாதி லூசு போயிடும். கண்ணியே கழட்ட வேணாம். அப்படியும் லூசுன்னாதான் கண்ணி. அதுவும் லாக்குக்கு ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும், இல்லன்னா லாக் மணிக்கட்டோட ஓரத்துக்கு வந்து எலும்புல இடிக்கும். இவர் ரெண்டையும் ஒரே பக்கம் எடுக்க முடிவு பண்ணிட்டார். எந்தப் பக்கம் கைக்குக் கிட்ட இருந்துச்சோ அந்தப் பக்கம்.

அடுத்து அம்புக்குறி. செயினைக் கவுத்துப் போட்டா கண்ணியோட உள்பக்கம் அம்பு போட்டிருக்கும். கம்பெனிக்காரன் அழகுக்குப் போடல அதை. அம்பு காட்டுற திசையில, கண்ணிகளைக் கோத்து வச்சிருக்கற பின்னைத் தள்ளி வெளிய எடுக்கணும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த் திசையில போடணும், பின்னோட பிளந்த முனை கடைசியா உள்ள போகணும். இதுதான் மொத்த ஞானமும். மூணு வரி. நம்ம ஆளு அம்பை ஒன்வே போர்டை மதிக்கிற மாதிரியே மதிக்கிறார்.

எதிர்த் திசையில அடிக்கிறார். எதால? முனை மழுங்கின தையல் ஊசியால. எது மேல வச்சு? நாலா மடிச்ச செய்தித்தாள் மேல. செயின் நிக்கறதுக்குப் பள்ளம் வெட்டின பிளாஸ்டிக் கட்டைன்னு ஒண்ணு இருக்கு, அதே மேசையில, ரப்பர் பேண்டு மாட்டி வைக்கப் பயன்படுது.

பின் அசையல. எப்படி அசையும்? முப்பது வருஷத்து வேர்வையும் அழுக்கும் உள்ள சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கு. இதுக்கு வழி சுலபம். செயினை வாட்ச்சுலேர்ந்து தனியாப் பிரிச்சு, பாத்திரம் விளக்குற திரவம் நாலு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணியில கால் மணி நேரம் ஊறப் போட்டு, பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால தேய்ச்சா பெரும்பாலும் இளகிடும். செயினை மட்டும்தான், வாட்ச்சை இல்ல. பின்மூடியில 'வாட்டர் ரெசிஸ்ட்' னு எழுதியிருந்தது உள்ள இருக்கற ரப்பர் வளையம் உயிரோட இருந்த காலத்துக் கதை. கால் மணி நேரம் காத்திருக்க ஆள் வேணுமே. அதனால இன்னும் ஓங்கி ஒரு அடி.

ஊசி வழுக்குது. நடுக்கண்ணி மேல, தங்க நிறத்துல, சர்ர்னு ஒரு கோடு.

இங்க நிறுத்திக்குங்க. ஓசி பாலிஷ் பிறந்தது இந்த நொடியிலதான். அது அன்பளிப்பு இல்ல சார், தடயத்தை அழிக்கிற வேலை.

கோடு விழுந்த அதிர்ச்சியில பின் ஒரு வழியா வெளிய வருது. கூடவே கடுகு சைஸ்ல ஒரு குட்டிக் குழாயும் மேசையில உருண்டு கீழ விழுது. அதுதான் காலர். நிறைய சீக்கோ செயின்ல பின் தானா நிக்காது, இந்தக் காலர்தான் இறுக்கிப் பிடிக்கும். ரெண்டு பேர் செல்போன் டார்ச் அடிச்சு ஸ்டூலுக்கு அடியில தேடுறாங்க. கிடைக்குது! அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சொல்றார்: "இது எக்ஸ்ட்ரா பீஸ் சார்."

எக்ஸ்ட்ரா. கம்பெனிக்காரன் போனாப் போகுதுன்னு ஒண்ணு கூடப் போட்டு அனுப்பியிருக்கான், பூக்காரம்மா கொசுறு மாதிரி. காலர் இல்லாத பின் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து ஒருநாள் பஸ் கம்பியைப் பிடிக்கும்போது கழண்டு விழும். அன்னைக்கு வாட்ச்சே எக்ஸ்ட்ரா பீஸ்தான்.

அப்புறம் மோட்டார் ஓடுது. முலாம்னா என்னன்னு கணக்குப் போடுவோம். நல்ல தடிமனான முலாமே 10 மைக்ரான்தான், மலிவானதுன்னா 1 மைக்ரானுக்கும் கீழ. தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான். அதுமேல பச்சை மெழுகு தடவின பஞ்சுச் சக்கரத்தை வச்சு அழுத்தினா முதல்ல போறது மூலையும் விளிம்பும்தான். அங்கதான் அழுத்தம் குவியும். நடுக்கண்ணியோட விளிம்பெல்லாம் வெளுத்து, அடியில இருக்கற ஸ்டீல் எட்டிப் பார்க்குது. ஓரக் கண்ணியில நீளவாட்டுல மெல்லிசா கோடு கோடா ஒரு மேட் ஃபினிஷ் இருந்துச்சே, அதுவும் காலி. ஓரம் மங்கல், நடு மினுக்கல், ரெண்டுக்கும் நடுவுல கத்தி மாதிரி ஒரு எல்லை: டூ-டோனோட அழகே அதுதான். இப்ப எல்லாம் ஒரே எண்ணெய்ப் பளபளப்பு, உளுந்து வடை மாதிரி.

ரோலக்ஸ்காரன் இந்த ஸ்டீல்-தங்கக் கூட்டணிக்கு 'ரோலசோர்' னு 1933லயே பேரு பதிவு பண்ணி வச்சான். அதுல தங்கக் கண்ணி நிஜத் தங்கம். தேய்ச்சா தங்கத்துக்கு அடியிலயும் தங்கம். வடிவம் கெடும், நிறம் போகாது. நம்மளுது அப்படியா அண்ணே? கொஞ்சம் கேட்டிருக்கலாமே.

கேட்டா அதுக்கும் பதில் இருக்கு. "முலாம் போட்டுக்கலாம் சார், தெரிஞ்ச பையன் இருக்கான்." ஸ்டீல் மேல தங்கம் நேரா ஒட்டாது, முதல்ல நிக்கல்ல ஒரு மெல்லிய பூச்சு வேணும். ஓரக் கண்ணி ஒவ்வொண்ணையும் வார்னிஷ் தடவி மறைக்கணும், இல்லன்னா மொத்தச் செயினும் மஞ்சளாயிடும். நிறம் வேற. பழைய சீக்கோவோட மஞ்சள் கொஞ்சம் வெளிறினது, அடக்கமானது. தெரிஞ்ச பையன் போடறது சிதம்பரம் கவரிங் வளையல் நிறம். கேஸ் ஒரு மஞ்சள், திருகு ஒரு மஞ்சள், செயின் ஒரு மஞ்சள். டூ-டோன் வாங்கி ஃபோர்-டோன் ஆன கதை.

வீட்டு வைத்தியம் சொல்ற பெரியம்மாக்களும் கொஞ்சம் பொறுத்துக்குங்க. புளி பித்தளைக் குடத்துக்கு. திருநீறு வெள்ளிக் கொலுசுக்கு. பேஸ்ட் பல்லுக்கு.

பழைய வாட்ச் விக்கறவங்க இந்தக் கொலையையே சிறப்பம்சமா விளம்பரத்துல போடறாங்க பாருங்க, அங்கதான் ரத்தம் கொதிக்குது. 'மிண்ட் கண்டிஷன், ஒரு கீறல் இல்லை.' பழைய வாட்ச்சுல ஒரு கீறல்கூட இல்லன்னா சக்கரத்துக்குப் போய் வந்திருக்குன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்த போட்டோவை நம்பாதீங்க, ஜன்னல் வெளிச்சத்துல பக்கவாட்டுப் படம் கேளுங்க. செயின் மாட்டுற கொம்போட விளிம்பு சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருந்தா முடிஞ்சுது. மிச்சக் கண்ணி இருக்கான்னும் கேளுங்க. "அதெல்லாம் அப்பவே போயிடுச்சு." போகட்டும். '1975 மாடல் ஒரிஜினல்' னு வேற எழுதியிருப்பார், பின்மூடியில 7எஸ்26 னு இருக்கும். அந்த மெஷின் வந்ததே 1996ல.

சரி, நடந்தது நடந்துபோச்சு. கண்ணி கழட்டின கூலி அம்பது ரூபா, ஸ்கேன் பண்ணியாச்சு. உடனே அந்தப் பெட்டி "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" னு தெருவுக்கே கேக்கற மாதிரி அலறுது. ஜூஸ் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். தூங்கிட்டிருந்த நாய் எழுந்து உக்காருது. அந்தப் பெட்டிக்குச் சத்தம் குறைக்கிற பட்டன் இருக்குய்யா! ஓரத்துலயே இருக்கு! கேக்காமலே பாலிஷ் போடற கை, எந்தக் கடையிலயாவது ஒரே ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்திருக்கா?